வீட்டு மூலையில் நிற்கும் எல்லைக் கல்: காப்பது யார், செலவு யாருடையது?

தாமான் வீடு, கம்போங் நிலம், தமிழ்ப்பள்ளி வளாகம், ஆலய நிலம் என்று எதை எடுத்துக்கொண்டாலும், அளந்து முடிந்த நிலத்தின் மூலைகளில் ஒரு சிறிய கான்கிரீட் கல் புதைந்திருக்கும். தலை மட்டும் வெளியே தெரியும். சில இடங்களில் கல்லுக்குப் பதிலாக இரும்புக் குழாய் இருக்கும். சிமெண்ட் தரையிலும் தார்ச்சாலை ஓரத்திலும் ஆணி அடித்திருப்பார்கள். மலாயில் இதற்குப் பத்து செம்படான் என்று பெயர். நாம் எல்லைக் கல் என்கிறோம்.

புல் வெட்டும்போது காலில் இடித்தால்தான் அது இருப்பதே பலருக்கு நினைவு வரும். கால்வாய் தோண்ட வந்த இயந்திரம் அதைப் பெயர்த்துவிட்டுப் போனாலும் பெரிதாகக் கவலைப்பட மாட்டோம். நிலத்தை விற்கும்போதோ, வேலியைத் தள்ளிக் கட்டிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போதோதான் அந்தக் கல்லைத் தேடுகிறோம். அப்போது எழும் முதல் கேள்வி: "அரசாங்கம் நட்ட கல்தானே, அரசாங்கமே மறுபடியும் நட்டுக் கொடுக்காதா?"

பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாட்டின் அளவைக்கு அடிப்படையாக இருக்கும் குறிகளையும் அனைத்துலக எல்லைக் கற்களையும் அரசாங்கம் தன் செலவில் பராமரிக்கிறது. உங்கள் நிலத்தின் மூலைக் கல்லைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் உங்களிடம் கொடுத்திருக்கிறது. அது காணாமல் போனால், பெரும்பாலும் செலவும் உங்களுடையதே. இந்த வேறுபாடு தெரியாததால் நம்மவர்கள் பலர் பிற்பாடு சிரமப்படுகிறார்கள். அதனால் இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கல் இல்லாமல் பட்டா முழுமை பெறாது

தீபகற்ப மலேசியாவில் நிலம் தொடர்பான எல்லாவற்றுக்கும் அடிப்படை 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம். 1966 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனி நிலச் சட்டங்களும் தனி நில, அளவை இலாகாக்களும் உண்டு. இந்தக் கட்டுரை தீபகற்பத்தைப் பற்றியது.

நம் நிலப் பதிவு முறைக்கு டோரன்ஸ் முறை என்று பெயர். 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டோரன்ஸ் என்பவர் கொண்டு வந்த முறை இது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் மாநிலங்களுக்கு வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது இதன் அடிப்படை. ஆனால் 'யாருடைய நிலம்' என்பதைத்தான் பதிவேடு சொல்லும். 'எங்கிருந்து எங்கு வரை' என்பதை அளவை வரைபடமும் தரையில் இருக்கும் கல்லும்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தின் 396-ஆவது பிரிவு, ஒரு நிலம் 'அளக்கப்பட்டது' என்று சொல்ல என்னென்ன வேண்டும் என்று கூறுகிறது. எல்லைகள் நேர்கோடுகளாக நிர்ணயிக்கப்பட வேண்டும். எல்லைக் குறிகள் நடப்பட வேண்டும். நிலத்திற்கு ஒரு லாட் எண் தரப்பட வேண்டும். அளவை இயக்குநர் அங்கீகரித்த வரைபடம் இருக்க வேண்டும். பெலான் அக்குயி என்று நில அலுவலகங்களில் சொல்வது இந்த வரைபடத்தைத்தான்.

இவை முடியும் வரை கையில் கிடைப்பது தற்காலிகப் பட்டா. அதில் எச்.எஸ்.(டி) அல்லது எச்.எஸ்.(எம்) என்ற எழுத்துகளும் பி.டி. எண்ணும் இருக்கும். உரிமை உங்களுடையதுதான், ஆனால் எல்லையும் பரப்பளவும் தற்காலிகமானவை. அளந்து முடித்த பிறகு பரப்பளவு கொஞ்சம் கூடலாம், குறையலாம். இறுதிப் பட்டா வந்த பிறகுதான் லாட் எண்ணும் உறுதியான எல்லையும் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்து எச்.எஸ். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

முதல் கல்லுக்குப் பணம் கட்டியவர் யார்?

அரசாங்க நிலம் ஒருவருக்கு வழங்கப்படும்போது, நில அலுவலகம் 5ஏ எனப்படும் பாரத்தில் கட்டண அறிவிப்பு அனுப்பும். நிலத்துக்கான பிரிமியம், முதல் ஆண்டு நிலவரி, பட்டா பதிவுக் கட்டணம் ஆகியவற்றுடன் அளவைக்கான கட்டணமும் அதில் இருக்கும். ஆகவே முதல் கல்லையே நிலம் பெறுபவரின் பணத்தில்தான் நடுகிறார்கள். அது இலவசமாக வந்ததில்லை.

தாமான் வீடுகளில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. மேம்பாட்டாளர் ஓர் உரிமம் பெற்ற நில அளவையாளரை அமர்த்தி, பெரிய நிலத்தைச் சிறு லாட்டுகளாகப் பிரித்துக் கல் நடுகிறார். அந்தச் செலவு வீட்டு விலைக்குள் அடங்கிவிடுகிறது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்குத் தனித்தனிக் கல் கிடையாது. கட்டடம் நிற்கும் மொத்த நிலத்திற்குத்தான் எல்லைக் கற்கள் இருக்கும்.

இந்த இடத்தில் பலர் கேட்பது: "ஆண்டுதோறும் நிலவரி கட்டுகிறோமே, அதில் கல்லைப் பராமரிக்க மாட்டார்களா?"

மாட்டார்கள். நிலவரி மாநில அரசாங்கத்தின் பொது வருமானத்தில் சேர்கிறது. வீட்டு வரி நகராண்மைக் கழகத்திற்குப் போகிறது. அளவைப் பணியைப் பார்க்கும் மலேசிய அளவை, வரைபட இலாகாவான ஜூபெம், கூட்டரசு அரசாங்கத்தின் கீழ் உள்ளது. நீங்கள் கட்டும் வரியில் இவ்வளவு சென் எல்லைக் கல்லுக்கு என்று ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு இல்லை.

அரசாங்கப் பணம் எங்கே போகிறது?

அப்படியானால் அரசாங்கம் எதற்குச் செலவு செய்கிறது? முக்கியமாக மூன்று வகைகளைச் சொல்லலாம்.

முதலாவது, அளவைக் கட்டுப்பாட்டுக் குறிகள். உங்கள் வீட்டு மூலையை அளக்க வேண்டுமானால் அதற்கு முன் உறுதியான இடம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தை இன்னொரு உறுதியான இடத்திலிருந்து அளந்திருப்பார்கள். இப்படிச் சங்கிலி போலப் போகும் தொடரின் தலைப்பில் இருப்பவை நாட்டின் அடிப்படைக் குறிகள். பகாங்கில் உள்ள கெர்த்தாவ் என்ற இடத்தை அடிப்படையாக வைத்துத்தான் தீபகற்பத்தின் பழைய வரைபடங்கள் பல தலைமுறைக்கு வரையப்பட்டன. உயரத்தை அளப்பதற்கு, போர்ட் கிள்ளானில் 1984 முதல் 1993 வரை பதிவு செய்த கடல் மட்டத்தின் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். சாலை ஓரங்களிலும் அரசாங்கக் கட்டட வளாகங்களிலும் பார்க்கும் உயரக் குறிகள் அந்தக் கணக்கைச் சேர்ந்தவை. இன்று துணைக்கோள் சமிக்ஞையைப் பெறும் நிலையங்களை நாடு முழுவதும் ஜூபெம் நடத்துகிறது. அவற்றின் செலவு கூட்டரசு வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது.

இரண்டாவது, தரவுகள். ஒன்பதாவது மலேசியத் திட்டக் காலத்தில், அதாவது 2006 முதல் 2010 வரையில், இ-கடாஸ்டர் என்ற திட்டத்திற்கு அரசாங்கம் முதலீடு செய்தது. காகிதத்தில் இருந்த அளவை விவரங்கள் இலக்க முறைக்கு மாற்றப்பட்டன. எல்லைக் குறிகளின் ஆயத்தொலைகள், அதாவது அவை இருக்கும் இடத்தைக் காட்டும் எண்கள், தேசியத் தரவுத் தளம் ஒன்றில் சேர்க்கப்பட்டன. உங்கள் கல் காணாமல் போனாலும் அது எங்கே இருந்தது என்று இன்று கண்டுபிடிக்க முடிவதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்றாவது, அண்டை நாடுகளுடனான எல்லை. தாய்லாந்துடன் உள்ள நில எல்லையில் 1973-இல் தொடங்கி 1985 வரை இரு நாட்டு அளவையாளர்களும் சேர்ந்து வேலை செய்து, சுமார் 12,000 எல்லைத் தூண்களை நட்டார்கள். சபா, சரவாக் பகுதியில் இந்தோனேசியாவுடன் உள்ள எல்லையில் 1975-இல் தொடங்கிய வேலை 2000 வரை நீடித்தது. அங்கே 19,000-க்கும் அதிகமான தூண்கள் உள்ளன. காட்டிலும் மலை முகட்டிலும் உள்ள இந்தத் தூண்கள் சாயலாம், மண்ணில் புதையலாம், உடையலாம். அவற்றைத் தேடிச் சரிசெய்வது இரு நாட்டு அரசாங்கங்களின் பொறுப்பு, செலவும் அவர்களுடையதே.

இந்த மூன்றிலும் உங்கள் வேலி ஓரத்துக் கல் இல்லை.

சட்டம் உரிமையாளரிடம் எதிர்பார்ப்பது என்ன?

தேசிய நிலச் சட்டத்தின் 114-ஆவது பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்று. உங்கள் பட்டாவில் தனியாக எழுதியிருக்காவிட்டாலும், நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும் நிபந்தனைகள் அதில் உள்ளன. எல்லைக் கல்லைப் பற்றி அது சொல்வது இவை:

ஒன்று, உங்கள் நிலத்தில் உள்ள எல்லைக் கல் சேதமடையாமலும், அழியாமலும், சட்டவிரோதமாக அகற்றப்படாமலும் இருக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் நீங்கள் எடுக்க வேண்டும்.

இரண்டு, அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே மாவட்ட நில நிர்வாகிக்கோ அந்தப் பகுதியின் பெங்ஹுலுவுக்கோ தெரிவிக்க வேண்டும்.

மூன்று, நில நிர்வாகி கேட்டுக்கொண்டால் உங்கள் நிலத்திற்கும் பக்கத்து நிலத்திற்கும் இடைப்பட்ட எல்லைக் கோட்டைத் துப்புரவு செய்து கொடுக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில் உள்ள 'உடனே' என்ற சொல்லைக் கவனியுங்கள். கல் போனது தெரிந்தும் பல ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு, தகராறு வந்த பிறகு தெரிவிப்பது நமக்கு எந்த வகையிலும் உதவாது.

கல்லை வேண்டுமென்றே பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம். தேசிய நிலச் சட்டத்தின் 428-ஆவது பிரிவு அதைக் கூறுகிறது. அரசாங்க அதிகாரத்தின் பேரில் நட்ட எல்லைக் குறியை அழிப்பதும் நகர்த்துவதும் குற்றவியல் சட்டத்தின் 434-ஆவது பிரிவின்படியும் தண்டனைக்குரியவை. பக்கத்து நிலத்துக்காரர் கல்லை நகர்த்திவிட்டார் என்று தோன்றினால் நீங்களே பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டுவிடாதீர்கள். அதுவும் அதே குற்றமாகிவிடும்.

கல் காணாமல் போனால் என்ன செய்வது?

கல்லை மறுபடியும் நடும் வேலையைச் சாதாரணக் குத்தகையாளர் செய்ய முடியாது. ஜூபெம் அல்லது 1958-ஆம் ஆண்டு உரிமம் பெற்ற நில அளவையாளர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யலாம். அந்த உரிமத்தை வழங்குவது மலேசிய நில அளவையாளர் வாரியம். 'நான் அளந்து தருகிறேன்' என்று வருபவரிடம் பணம் கொடுப்பதற்கு முன், அவர் பெயரோ அவர் நிறுவனத்தின் பெயரோ வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடக் குத்தகையாளர் நாடா பிடித்துக் காட்டும் கோட்டுக்குச் சட்ட மதிப்பு இல்லை.

அளவையாளர் முதலில் உங்கள் லாட்டின் வரைபடத்தை எடுப்பார். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். பிறகு தரையில் இன்னமும் அசையாமல் இருக்கும் பழைய கற்களைத் தேடுவார். உங்களுடையது மட்டுமல்லாமல், அண்டை லாட்டுகளின் கற்களையும் பார்ப்பார். அவை வரைபடத்துடன் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பிறகே காணாமல் போன மூலையைக் குறிப்பார்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. பக்கத்து வீட்டுக் கல் உங்களுக்கும் சாட்சி. உங்கள் கல் அவருக்கும் சாட்சி. ஒரு வரிசையில் நாலைந்து கற்கள் ஒன்றாகப் போய்விட்டால் அளவையாளர் தூரத்திலிருந்து அளந்துகொண்டு வர வேண்டும். வேலை கூடும்போது செலவும் கூடும்.

கட்டணம் நிலத்தின் பரப்பளவையும், நட வேண்டிய கற்களின் எண்ணிக்கையையும், இடத்தின் தன்மையையும் பொறுத்தது. அதனால் இரண்டு மூன்று அளவையாளர்களிடம் எழுத்துப்பூர்வமாக விலை கேட்பது நல்லது. இரண்டு லாட்டுகளுக்குப் பொதுவான மூலை என்றால் அண்டை வீட்டாருடன் பேசிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். தாமானில் ஒரு வரிசையே சேர்ந்து செய்தால் ஒவ்வொருவருக்கும் வரும் தொகை குறையும்.

கால்வாய் வேலையோ சாலை வேலையோ செய்தவர் கல்லைப் பெயர்த்தார் என்றால், வேலை நடக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையைக் கொடுத்த தரப்புக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, அதன் நகலை நில அலுவலகத்திற்குக் கொடுங்கள். ஆதாரம் கையில் இருந்தால் மறுபடியும் நட்டுத் தரும்படி அவர்களைக் கேட்க வழி இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வாய்மொழியாகச் சொன்னால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

தோட்டத்து நிலத்தில் இதன் கனம் அதிகம்

நம் சமூகத்திற்கு இந்தக் கல் வெறும் வேலித் தகராறோடு நின்றுவிடும் விஷயமல்ல. தோட்டங்கள் கைமாறியபோதும் மேம்பாட்டுக்குப் போனபோதும் நாம் பெற்றதும் இழந்ததும் பெரும்பாலும் ஓர் எல்லைக் கோட்டைப் பொறுத்தே இருந்தன.

1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஒரே தோட்டம் பல சிறு உரிமையாளர்களிடம் போனது. அந்தச் சூழலில்தான் 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பின்னர் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்கு மாற்றுவதானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு கட்டுப்பாடு கொண்டு வந்தது.

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல தோட்ட நிறுவனங்களின் நிலத்தில் தொடங்கியவை. தோட்ட நிறுவனம் பள்ளிக்கு மூன்று ஏக்கர் தருவதாகக் கடிதம் கொடுத்தது என்று கேள்விப்படும்போது நாம் மகிழ்கிறோம். ஆனால் கடிதம் பட்டா ஆகாது. பெரிய லாட்டிலிருந்து அந்த மூன்று ஏக்கரைத் தனியாகப் பிரிக்க விண்ணப்பம் போட வேண்டும். இதைப் பெச்சா செம்படான் என்பார்கள். அது அங்கீகரிக்கப்பட்டு, அளவையாளர் வந்து அளந்து, மூலைகளில் கல் நட்டு, வரைபடம் அங்கீகாரம் பெற்று, பள்ளிக்கென்று தனிப் பட்டா பதிவானால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். இதில் அளவைக் கட்டணத்தை யார் கொடுப்பது என்று பேசி முடிக்காவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சதுரமான மூன்று ஏக்கர் நிலம் ஏறக்குறைய 130,680 சதுர அடி. ஒரு பக்கம் சுமார் 361 அடி நீளம். அந்தப் பக்கத்தில் வேலி 10 அடி உள்ளே தள்ளிப் போட்டிருந்தால் பள்ளி பயன்படுத்த முடியாமல் போகும் இடம் சுமார் 3,600 சதுர அடி. இருபதுக்கு எழுபது அடியில் கட்டிய இரண்டு தாமான் வீடுகளின் நிலத்தைவிட அது அதிகம். இரண்டு மூலைகளில் கல் இல்லாமல் போய், வேலியே எல்லை என்று எல்லோரும் நம்பத் தொடங்கினால் இப்படித்தான் நடக்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆவது பிரிவின்படி, ஒருவருடைய நிலத்தில் மற்றவர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் நிலத்தை மீட்க உரிமையாளர் வழக்குத் தொடுப்பதை அது தடுக்காது. 48-ஆவது பிரிவின்படி, அரசாங்க நிலத்தில் நீண்ட நாள் இருந்ததால் உரிமை வராது. பள்ளியின் நிலத்தில் மற்றவர் வேலி போட்டிருந்தால் இந்தச் சட்டம் பள்ளிக்குத் துணை. ஆலயத்தின் சுவரோ சமையல் கூடமோ தெரியாமல் பக்கத்து லாட்டுக்குள் போயிருந்தால், அதே சட்டம் ஆலயத்திற்கு எதிராக நிற்கும். 'அறுபது வருஷமாக இங்கேதான் இருக்கிறது' என்ற பதில் நில அலுவலகத்தில் செல்லாது. திருப்பணிக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன் எல்லைக் கல்லைத் தேடுவது பல இலட்சம் ரிங்கிட்டைக் காப்பாற்றும்.

மற்ற நாடுகளில் செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

எல்லைக் குறிகளைப் பராமரிக்கத் தனி நிதி வைத்திருக்கும் இடங்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் 1785-இல் தொடங்கிய பொது நில அளவை முறை, நிலத்தை ஆறு மைல் சதுரங்களாகவும் ஒவ்வொரு சதுரத்தையும் 36 பகுதிகளாகவும் பிரித்தது. பல இடங்களில் மூலைகளுக்கு மரக்கட்டைகளையே நட்டார்கள், அருகிலிருந்த மரங்களில் வெட்டுக்குறி போட்டார்கள். மரம் மக்கிப் போனது, காடு அழிந்தது. அங்கிருந்து பிரிந்த எல்லாப் பட்டாக்களுக்கும் அடிப்படையான மூலைகள் தொலையத் தொடங்கின.

மிச்சிகன் மாநிலம் 1990-இல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. நில ஆவணம் ஒன்றைப் பதிவு செய்யும்போது வாங்கும் கட்டணத்தில் சில டாலர் தனி நிதியில் சேரும். அந்த நிதியிலிருந்து அங்குள்ள 83 மாவட்டங்களுக்கு மானியம் போகிறது. மாவட்டங்கள் அளவையாளர்களை அமர்த்தி, பழைய குறிப்புகளைத் தேடி, மூலை இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, நிலையான குறியை நட்டுப் பதிவு செய்கின்றன. ஓரிகன் மாநிலத்தில் மாவட்டங்கள் ஆவணம் ஒன்றுக்கு 10 டாலருக்கு மேற்போகாமல் கட்டணம் விதித்து, அந்தப் பணத்தை மூலைக் குறிகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

அங்கேயும் தனி வீட்டின் மூலைக் கல்லுக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதில்லை. பலருடைய நிலத்தை அளக்க அடிப்படையாக இருக்கும் பொதுக் குறிகளுக்குத்தான் இந்த நிதி.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2004 முதல் அங்கே நில எல்லைகள் ஆயத்தொலைகளின் அடிப்படையில் நிர்ணயிக்கப்படுகின்றன. அரசாங்கம் பராமரிக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளிலிருந்து அளந்தால் எந்த மூலையையும் கண்டுபிடிக்கலாம். சிறிய நாட்டில் அது எளிது. நாமும் இ-கடாஸ்டர் வழி அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். ஆனால் ஆயத்தொலை அளவையாளரின் கருவிக்குத்தான் தெரியும். வேலி போடும் நமக்குக் கண்ணில் தெரிவது கல்தான்.

நிலம் கைமாறும்போது 14ஏ பாரத்திற்கு நாமும் பதிவுக் கட்டணம் செலுத்துகிறோம். அதிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பழைய கம்போங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளி நிலங்களிலும் தொலைந்த கற்களை மறுபடியும் நட உதவலாமா? நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநில அளவில் கேட்கத் தகுந்த கேள்வி இது. நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பதால் கேள்வியும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

அரசாங்க உதவி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பணம் அதிகம் செலவாகாத வேலைகள் இவை:

பட்டாவை எடுத்துப் பாருங்கள். தற்காலிகப் பட்டாவா, இறுதிப் பட்டாவா என்று தெரிந்துகொள்ளுங்கள். லாட் எண்ணையும் முக்கிம் பெயரையும் குறித்து வையுங்கள்.

உங்கள் லாட்டின் வரைபட நகல் கையில் இல்லையென்றால், ஜூபெமின் மாநில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி வாங்கலாமா என்று கேளுங்கள். எத்தனை மூலைகள், எத்தனை குறிகள் என்று அதில் தெரியும்.

நிலத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு கல்லையும் தேடுங்கள். புல்லையும் மண்ணையும் மெதுவாக ஒதுக்குங்கள். கல்லை அசைக்க வேண்டாம். கல்லையும், அது இருக்கும் இடம் தெரியும்படி சுற்றுப்புறத்தையும் தேதியுடன் படம் எடுங்கள்.

வேலி, சுவர், கால்வாய் வேலை தொடங்குவதற்கு முன் குத்தகையாளரிடம் கல்லைக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டினாலே இயந்திரம் ஓட்டுபவர் கவனிப்பார்.

நிலம் வாங்குவதானால் முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்தில் தேடல் செய்யுங்கள். விற்பவரிடம் கற்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் மறுபடியும் நடும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பள்ளி வாரியத்திலும் ஆலய நிர்வாகத்திலும் இருப்பவர்கள் பட்டா நகல், வரைபடம், கற்களின் படங்கள் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, நிர்வாகம் மாறும்போது எழுத்துப்பூர்வமாக ஒப்படையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, கூட்டுத் துப்புரவுப் பணி நடக்கும் நாளில், கற்களைச் சுற்றிவந்து பார்ப்பதை வழக்கமாக்கலாம்.

ஏதேனும் ஒரு கல் இல்லையென்றால் நில அலுவலகத்திற்கு அல்லது பெங்ஹுலுவுக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் பிற்பாடு பேசும்.

அப்பா வாங்கிய நிலத்தின் கற்கள் எங்கே இருக்கின்றன என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மூலையையும் காட்டச் சொல்லுங்கள். அதற்கு அளவையாளரும் வேண்டாம், கட்டணமும் இல்லை.